காற்றுதானே என்று இருந்துவிட வேண்டாம்



நம் மஹல்லாவில் வண்டி பழுது பார்த்தும், பஞ்சர் ஒட்டியும், டிங்கரிங் பெயிண்டிங் செய்தும் குடும்பம் நடத்துவோர் நிறையப் பேர் இருக்கிறார்கள். பத்தாவது முடித்த பிள்ளையை மெக்கானிக் கடையில் தொழில் பழக விட்டிருக்கும் வீடுகளும் பல. அந்தக் கடைகள் எல்லாவற்றிலும் ஒரு மூலையில் கம்ப்ரசர் நிற்கிறது. அதைச் சுவிட்ச் போட எல்லோருக்கும் தெரியும். பேணத் தெரிந்தவர்கள் குறைவு. எனவே இந்த இதழின் தொழில் பாடத்தைக் கம்ப்ரசருக்கும் காற்றுக் கருவிகளுக்கும் ஒதுக்கியிருக்கிறோம். கடை வைத்திருப்பவர்கள் மட்டுமல்ல, கடைக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரும் ஒருமுறை படிக்க வேண்டுகிறோம்.

நாம் பாடம் கற்ற நாள்

சென்ற மழைக்காலத்தில் ஒரு தம்பி வட்டியில்லாக் கடன் கேட்டு நம் அலுவலகத்திற்கு வந்தார். பைபாஸில் சிறிய வீல் கடை வைத்திருப்பவர். "பாய், கன் போச்சு. நட்டு கழட்ட மாட்டேங்குது. புதுசு வாங்கணும்" என்றார். கடன் கொடுப்பதற்கு முன் கடையைப் பார்ப்பது நம் வழக்கம். நம்மூரின் மூத்த மெக்கானிக் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போனோம்.

அவர் கன்னைத் தொடவே இல்லை. நேராகக் கம்ப்ரசரிடம் போய்க் குனிந்து, டேங்கின் அடியில் இருந்த டிரெய்ன் காக்கை மெல்லத் திறந்தார். காற்றுக்கு முன்னால் தண்ணீர் வந்தது. டீ டிக்காஷன் நிறத்தில், துருவோடு, அரை வாளி வந்தது. "தம்பி, கடைசியா எப்ப வடிச்சே?" என்று கேட்டார். "வடிக்கணுமா?" என்றார் அவர்.

அதோடு முடியவில்லை. சேஃப்டி வால்வு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போல்ட்டை முறுக்கி அடைத்திருந்தது. "அடிக்கடி ஊதிட்டே இருந்துச்சு, அதான் அடைச்சேன்" என்றார் தம்பி. டேங்கின் அடித்தகட்டில் ஒரு இடம் ஈரமாகக் கசிந்திருந்தது. பெரியவர் உடனே மெயின் சுவிட்சை அணைத்து, காற்று முழுவதையும் இறக்கிவிட்டார். அந்தக் கம்ப்ரசருக்குப் பக்கத்தில்தான் பதினாறு வயதுப் பையன் ஒருவன் தினமும் உட்கார்ந்து டியூபுக்கு ஒட்டுப் போடுகிறான்.

கன்னில் பெரிய பழுது எதுவும் இல்லை. துருவும் தண்ணீரும் போய் உள்ளே அடைத்திருந்தது, அவ்வளவுதான். உண்மையில் கெட்டுப்போனது டேங்க்.

டேங்குக்குள் இருப்பது என்ன?

வெறும் காற்றுதானே என்று நினைக்கிறோம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 செ.மீ. விட்டமுள்ள டேங்கின் பக்க மூடி ஏறக்குறைய 1,256 சதுர செ.மீ. பரப்பு. டேங்கில் 8 கிலோ அழுத்தம் என்றால் ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் 8 கிலோ. மூடி முழுவதையும் காற்று சுமார் 10,000 கிலோ, அதாவது பத்து டன் விசையோடு வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. கேஜில் பவுண்டில் பார்ப்பவர்களுக்கு: ஒரு கிலோ என்பது சுமார் 14 பவுண்டு.

புது டேங்கின் தகடு இதைத் தாங்கும். தகட்டை உள்ளிருந்து அரிப்பது தண்ணீர். நம் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் ஈரம் வரை சுமக்கும். 20 கிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று ஹெச்.பி. கம்ப்ரசர் மணிக்கு 17 கன மீட்டர் காற்றை இழுத்து, நாளைக்கு நான்கு மணி நேரம் ஓடினால் உள்ளே போகும் ஈரம் ஒரு கிலோவுக்கு மேல். காற்றை நெருக்கி அடைக்கும்போது அவ்வளவு ஈரத்தையும் அதனால் பிடித்து வைத்திருக்க முடியாது. ஒரு பகுதி ஆவியாகக் கன் வழியே போகும். மீதி, ஏறக்குறைய ஒரு லிட்டர், டேங்கின் அடியில் தங்கும். இது ஒரே நாளின் கணக்கு.

இந்தத் தண்ணீர் மூன்று கெடுதல் செய்கிறது. டேங்கைத் துருப்பிடிக்க வைத்து மெலிய வைக்கிறது. டேங்கில் காற்று நிற்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்வதால் மோட்டார் அடிக்கடி ஓடுகிறது. துருவோடு சேர்ந்து ஹோஸ் வழியே போய்க் கன்னையும் பெயிண்ட் வேலையையும் கெடுக்கிறது. டேங்குக்கு ஆயுள் தருவதும் கன்னுக்கு ஆயுள் தருவதும் ஒரே வேலைதான். அது தினமும் தண்ணீரை வடிப்பது.

தினமும், வாரமும் செய்ய வேண்டியவை

1. மாலையில் கடை சாத்தும் முன் மோட்டார் சுவிட்சை அணைத்து, காற்றைக் கொஞ்சம் மட்டும் மிச்சம் வைத்துவிட்டு, டிரெய்ன் காக்கை மெதுவாகத் திறக்க வேண்டும். தண்ணீர் நின்று காற்று மட்டும் வரும்வரை விட வேண்டும். பால் நிறத்தில் வந்தால் எண்ணெய் கலந்திருக்கிறது. செந்நிறமாக வந்தால் உள்ளே துரு பிடித்திருக்கிறது.

2. காலையில் ஹெட்டின் எண்ணெய்க் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். எண்ணெய் நடுக்கோட்டில் இருக்க வேண்டும். கம்ப்ரசருக்கு என விற்கும் எண்ணெயையே ஊற்றுங்கள். வண்டிக்குப் போட்டு மிஞ்சிய எஞ்சின் ஆயில் வால்வில் கரியாகப் படியும்.

3. வாரம் ஒருமுறை ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். பட்டி தேய்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் கம்ப்ரசர் இருந்தால் இன்னும் அடிக்கடி செய்ய வேண்டும்.

4. வாரம் ஒருமுறை சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்துப் பார்க்க வேண்டும். ஊதிவிட்டு, விட்டதும் தானாக மூட வேண்டும். கண்ணாடி அணிந்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு இழுங்கள்.

5. பெல்ட்டை, மோட்டார் அணைந்திருக்கும்போது, நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவுக்கு இறங்க வேண்டும். பெல்ட்டின் கூண்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டவே கூடாது. கைலியும் தோள் துண்டும் அதில் சிக்கிக்கொள்ளும்.

இன்னொரு சிறு வேலை, அதிகம் பேர் செய்யாதது. கம்ப்ரசர் நல்ல நிலையில் இருக்கும்போது, காலி டேங்க் நிரம்பி மோட்டார் தானாக நிற்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்து, டேங்கின் மேல் பெயிண்டில் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை அதே போல் பாருங்கள். ஆறு நிமிடத்தில் நிரம்பியது எட்டு நிமிடம் எடுத்தால் ஹெட்டிலோ, பெல்ட்டிலோ, கசிவிலோ கோளாறு ஆரம்பித்துவிட்டது என்று பொருள். கடை நிற்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம்.

"கன்னில் பவர் இல்லை" என்றால்

எடுத்தவுடன் கன்னைப் பிரிக்க வேண்டாம். காற்று வரும் வழியிலேயே டேங்கிலிருந்து கன் வரை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

முதலில் அழுத்தம். பெரும்பாலான காற்றுக் கருவிகள் 90 பவுண்டு, அதாவது சுமார் 6.3 கிலோ அழுத்தத்தில் வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. டேங்கின் கேஜில் 120 காட்டுகிறதே என்று இருந்துவிடக் கூடாது. கன்னின் வாயருகே ஒரு சிறு கேஜ் மாட்டி, டிரிகரை அழுத்திக்கொண்டே பாருங்கள். ஓடும்போது காட்டும் அளவுதான் கணக்கு. சும்மா இருக்கும்போது 120 காட்டி, அழுத்தியதும் 60-க்கு இறங்கினால் குறை கன்னில் இல்லை, வழியில்.

இரண்டாவது ஹோஸ். உள்விட்டம் 6 மி.மீ. உள்ள மெல்லிய ஹோஸை நீளமாக இழுத்து, அதில் அரை அங்குல இம்பாக்ட் கன்னை மாட்டினால் பவர் வராது. 10 மி.மீ. உள்விட்டம் வேண்டும், நீளம் தேவைக்கு மேல் வேண்டாம். ஹோஸை ஒட்டி ஒட்டி நீட்டினால் ஒவ்வொரு கப்ளரும் கொஞ்சம் அழுத்தத்தைத் தின்னும்.

மூன்றாவது கன்னின் வாயில் இருக்கும் சிறு சல்லடை. துருத்தூள் அடைத்திருந்தால் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவலாம்.

நான்காவது எண்ணெய். கன்னுக்குள் மெல்லிய பட்டைகள் சுழலின் பள்ளங்களில் உள்ளும் வெளியும் நகர்ந்து காற்றைப் பிடிக்கின்றன. எண்ணெய் இல்லாமல் காய்ந்தாலும், தடித்த எண்ணெய் பிசுக்காக ஒட்டினாலும் அவை நகராது. தினமும் வேலை தொடங்கும் முன் ஏர் டூல் ஆயில் நான்கைந்து சொட்டு காற்று நுழையும் வாயில் விட்டு, சில வினாடி ஓட்டுங்கள். பெயிண்ட் அடிக்கும் கன்னுக்குப் போகும் ஹோஸில் மட்டும் எண்ணெய் கூடாது. அதற்குத் தனி ஹோஸ் வையுங்கள்.

இவை நான்கும் சரியாக இருந்தும் பவர் இல்லாவிட்டால்தான் பட்டையோ சுத்தியலோ தேய்ந்திருக்கிறது என்று கன்னைப் பிரிக்க வேண்டும்.

இதோடு ஒரு பொருத்தமும் பார்க்க வேண்டும். கம்ப்ரசர் ஒரு ஹெச்.பி.க்கு நிமிடத்துக்குச் சுமார் மூன்று, நான்கு கன அடி காற்றுத்தான் தரும். இம்பாக்ட் கன் சில வினாடி ஓடி நிற்பது. டேங்கில் சேர்ந்த காற்று அதற்குப் போதும். சாண்டரும் கிரைண்டரும் விடாமல் காற்றைக் குடிப்பவை. இரண்டு ஹெச்.பி. கம்ப்ரசரில் அவற்றை மாட்டினால் மோட்டார் ஓயாமல் ஓடிச் சூடாகி எரியும். கருவி வாங்கும்போது அது எவ்வளவு காற்றுக் கேட்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

கம்ப்ரசரில் வரும் கோளாறுகள்

மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை: உடனே அணையுங்கள், விட்டால் காயில் எரிந்துவிடும். மாலையில் வோல்டேஜ் குறைவா, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டுகிறோமா என்று பாருங்கள். சிங்கிள் பேஸ் மோட்டாரில் கெபாசிட்டர் போயிருக்கலாம். இது வயர்மேன் வேலை. நாமே கை வைக்க வேண்டாம். மோட்டார் நின்ற பின் ஹெட்டில் காற்று இறங்காமல் தங்கியிருந்தாலும் மறுபடி சுற்றாது.

மோட்டார் நின்ற பிறகு பிரஷர் சுவிட்சின் அடியில் "ஸ்ஸ்" என்ற சத்தம்: சில வினாடியில் நின்றால் அது சரியான வேலை, ஹெட்டில் உள்ள காற்று இறங்குகிறது. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் எல்லோரும் பிரஷர் சுவிட்சை மாற்றுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி அதுவல்ல. டேங்குக்குள் காற்று நுழையும் இடத்தில் இருக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு மூடாமல், டேங்கின் காற்று திரும்பி வந்து சுவிட்ச் வழியே போகிறது. டேங்கை முழுவதும் காலி செய்துவிட்டு அந்த வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே பலமுறை சரியாகும். நமக்குத் தெரிந்த ஒரு சகோதரர் இரண்டு பிரஷர் சுவிட்ச் வாங்கிய பிறகே இதைத் தெரிந்துகொண்டார்.

நிரம்ப நேரம் எடுக்கிறது: ஃபில்டர் அடைப்பு, பெல்ட் வழுக்கல், கசிவு என்று செலவில்லாதவற்றை முதலில் பாருங்கள். பிறகுதான் ஹெட்டின் வால்வுத் தகடும் பிஸ்டன் ரிங்கும்.

காற்றில் எண்ணெய் வருகிறது: எண்ணெய் அதிகம் ஊற்றியிருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் ரிங் தேய்ந்திருக்கிறது.

இரவில் நிரப்பி வைத்தது காலையில் இல்லை: சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள், நுரை வரும் இடம் கசியும் இடம். கசிவு மின்கட்டணத்திலும் தெரியும். மூன்று ஹெச்.பி. மோட்டார் கசிவுக்காக தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடினால் மாதம் அறுபது யூனிட்டுக்கு மேல் வீண்.

சேஃப்டி வால்வு அடிக்கடி ஊதுகிறது: வால்வு தன் வேலையைச் செய்கிறது, நன்றி சொல்ல வேண்டும். பிரஷர் சுவிட்ச் மோட்டாரை நேரத்தில் நிறுத்தவில்லை என்று அது எச்சரிக்கிறது. ஓட்டத்தை நிறுத்தி, சுவிட்சைச் சரி செய்யுங்கள். அழுத்தம் அளவுக்குள் இருந்தும் கசிந்தால் வால்வையே மாற்றுங்கள். அதை அடைப்பது என்ற பேச்சே கூடாது.

ஒருபோதும் செய்யக் கூடாதவை

கசியும் டேங்கில் வெல்டு வைக்கக் கூடாது. ஒரு ஓட்டை தெரிந்தால் சுற்றியுள்ள தகடும் மெலிந்துவிட்டது என்று பொருள். பழைய இரும்புக் கடையில் வாங்கிய சிலிண்டரை டேங்காக மாற்றவும் கூடாது. தொழிற்சாலைகளுக்கான 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அழுத்தக் கலன்களுக்கென்றே 31-ஆவது பிரிவை வைத்தது. இத்தகைய கலன்களைத் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்துக்கு மேல் ஏற்றிச் சோதிப்பார்கள். தண்ணீர் நெருங்காது என்பதால் தகடு கிழிந்தாலும் கசிவோடு நின்றுவிடும். காற்று அப்படி நிற்காது, வெடிக்கும். பழைய டேங்க் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்து கொள்ளுங்கள்.

வீட்டுத் தண்ணீருக்கான பி.வி.சி. குழாயில் காற்று லைன் இழுக்கக் கூடாது. அது உடையும்போது கத்தி போன்ற சில்லுகளாகப் பறக்கும்.

பளபளக்கும் குரோம் சாக்கெட்டை இம்பாக்ட் கன்னில் மாட்டக் கூடாது. அது கைக்கு உரியது. அடி தாங்காமல் சிதறும். கன்னுக்குக் கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட் தனியாக இருக்கிறது.

கார் வீல் நட்டைக் கன்னால் இறுதிவரை முறுக்கக் கூடாது. கையால் இழை பிடிக்க வைத்து, கன்னால் இலேசாக ஓட்டி, கடைசி முறுக்கை டார்க் ரெஞ்சில் எதிரெதிர் நட்டாக வைக்க வேண்டும். கார்களுக்குப் பெரும்பாலும் 80 முதல் 120 நியூட்டன் மீட்டர். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். அளவு மீறினால் ஸ்டட் நீளும். சாலையில் பஞ்சர் ஆகும் நாளில் வண்டிக்காரரால் நட்டைக் கழற்றவும் முடியாது.

லாரி டயரில் லாக் ரிங் உள்ள வீலுக்குக் காற்று அடிப்பது தனிக் கவனம் வேண்டிய வேலை. ரிங் சரியாக உட்காராமல் காற்று ஏறினால் குண்டு போலப் பறக்கும், உயிர் போயிருக்கிறது. இரும்புக் கூண்டுக்குள் வைத்து, பிடித்துக்கொள்ளும் வாயுடைய நீண்ட ஹோஸில், பக்கவாட்டில் தள்ளி நின்று அடிக்க வேண்டும். காற்று இருக்கும்போது ரிங்கைச் சுத்தியலால் தட்டக் கூடாது. கழற்றும் முன் வால்வு பின்னை எடுத்துக் காற்றை முழுவதும் இறக்க வேண்டும்.

பிரேக் ஷூவின் தூசியைக் காற்றால் ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும். பழைய ஷூக்களில் கல்நார் இருக்கலாம். அது நுரையீரலில் தங்கிவிடும்.

கடைசியாக ஒன்றை மறைக்காமல் சொல்கிறோம். காற்று ஹோஸை ஒருவர் உடம்பின் மீது பிடித்து விளையாடக் கூடாது. பின்புறத்தில் ஹோஸை வைத்து விளையாடியதில் குடல் கிழிந்து இளைஞர்கள் இறந்த செய்தி நம் நாட்டு நாளிதழ்களில் பலமுறை வந்திருக்கிறது. செய்தவன் பெரும்பாலும் கூட வேலை செய்யும் நண்பன். சட்டைத் தூசியைக் கூடக் காற்றால் தட்டிக்கொள்ள வேண்டாம். கடை முதலாளிகள் பையன்களிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும்.

வீட்டார் கேட்க வேண்டியது

தாய்மார்களே, பிள்ளை வேலையிலிருந்து வந்ததும் சாப்பிட்டாயா என்று கேட்கிறீர்கள். அதோடு மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். "டேங்கில் தண்ணி வடிச்சியா? சேஃப்டி வால்வு வேலை செய்யுதா? கண்ணாடி போட்டியா?" பதில் புரியாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டில் கேட்பார்கள் என்ற நினைப்பே பிள்ளையைக் குனிந்து அந்தக் காக்கைத் திறக்க வைக்கும்.

அந்தத் தம்பிக்குக் கன் வாங்கக் கடன் கொடுக்கவில்லை. அவருடைய கன்னைப் பெரியவர் கழுவி எண்ணெய் விட்டுக் கொடுத்தார், இன்றும் ஓடுகிறது. கடனை டேங்க் மாற்றக் கொடுத்தோம். பழைய டேங்கை இரும்புக் கடைக்கு முழுதாகப் போட அவருக்கு மனமிருந்தது, நல்ல எடை. வேறு எவராவது அதை வாங்கி மறுபடி காற்று ஏற்றிவிடக் கூடாது என்று இரண்டாக அறுத்த பிறகே போடச் சொன்னோம். அறுத்தபோது அடித்தகட்டைப் பார்த்தோம். விரல் நகத்தின் தடிமன் கூட இல்லாத இடங்கள் இருந்தன.

அந்தப் பையன் இப்போதும் அதே மூலையில் உட்கார்ந்து ஒட்டுப் போடுகிறான். மாலையில் கடை சாத்தும் முன் தண்ணீர் வடிப்பது அவன் பொறுப்பு. நம் அலுவலகத்தில் கடன் வாங்கும் கடைகளுக்கு இனி, இன்ஷா அல்லாஹ், இந்தப் பாடத்தின் தினசரிப் பகுதியை ஒரு அட்டையில் எழுதிக் கொடுக்கப் போகிறோம். கம்ப்ரசருக்கு மேலே சுவரில் மாட்டி வையுங்கள்.